நெடுந்தீவு அக்காவுக்கு விளங்காத பில்

அந்தப் பில்லை அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைச் சொல்லும்போது வேறு யார் தலையிலாவது பழியைப் போட எனக்கு இடம் இருக்கக் கூடாது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை எரித்தார்கள். கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி, ஊர்காவற்றுறையில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஐந்து வருடம் கணக்கு எழுதியவள். காலை எட்டரைக்கு ஒரு மேசைக்கு முன்னால் இருந்து பழகிய உடம்பு, சின்னம்மா வீட்டில் வேலை ஒன்றும் இல்லாமல் தவித்தது. இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கனடாவில் இருக்கும் அண்ணா கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்காமல் ஒரு வருடம் போய்விட்டது. தபால் கந்தோருக்கு நடப்பேன், துறைக்கு நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி வெளிக்கிடுவேன். சின்னம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "உன்னைப் பாக்க எனக்குத் தலை சுத்துது. எங்கையாவது ஒரு இடத்திலை போய் இரு பிள்ளை" என்றார்.

அப்படித்தான் டொக்டரின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அரசாங்க சேவையில் இருந்து இளைப்பாறிய டொக்டர் ஒருவர், தன் பழைய கல்வீட்டில் பன்னிரண்டு கட்டில்கள் போட்டு நடத்திய இடம் அது. வைத்தியம் அவர் பொறுப்பு. மற்ற எல்லாம் அவருடைய மனைவியின் பொறுப்பு. அவரை நாங்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். நான் போகும் வரைக்கும் அங்கே பில் என்று ஒன்று இருக்கவில்லை. நோயாளி வீட்டுக்குப் போகிற நாளில், அன்ரி கையில் அகப்பட்ட துண்டுக் கடதாசியில் ஒரு தொகையை எழுதி நீட்டுவார். என்னத்துக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சிலர் கொஞ்சம் குறைக்கச் சொல்வார்கள். அன்ரி சில நேரம் குறைப்பார், சில நேரம் குறைக்கமாட்டார்.

எனக்கு அது பெரிய ஒழுங்கீனமாகத் தெரிந்தது. கம்பனியில் நான் பயன்படுத்திய படிவத்தை நினைவில் இருந்து அப்படியே கீறினேன். ஆங்கிலத்தில் தலைப்பு, இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் கட்டிய காசு, இரண்டுக்கும் கீழே இரட்டைக் கோடு, கடைசியில் ஒரு மூலையில் பாக்கி. யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் ஐந்நூறு அடித்து எடுத்தோம். நாலு நாளுக்கு ஒருமுறை அதுவரையுள்ள கணக்கை எழுதி நோயாளியிடம் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் நான்தான் வைத்தேன். முன்கூட்டியே தெரிந்தால் சனத்துக்கு வசதி என்பது என் எண்ணம். அன்ரி முதல் தாளைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பதான் ஒரு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். நான் அந்த வாரம் முழுவதும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கழித்து, நெடுந்தீவில் இருந்து அந்தத் தம்பதி வந்தார்கள்.

அவர் கடற்றொழில் செய்பவர். அந்த நாட்களில் கடற்படை ஆழக்கடலுக்குப் போகவிடாது. கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை போட்டபோது திருக்கையை மிதித்துவிட்டார். முள் வலது காலின் மேற்பக்கத்தில் ஏறி உள்ளுக்குள் முறிந்திருந்தது. அப்போது அவர்களுடைய தீவில் டொக்டர் இருக்கவில்லை. யாழ்ப்பாணம் போகிற றோட்டு அந்தக் கிழமை மூடியிருந்தது. அதனால் எங்களிடம் வந்தார்கள். கூட வந்த மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அவரை அக்கா என்றேன். வந்த அன்றே சீலைத் தலைப்பை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய் தந்தார். இரண்டாம் நாள் மைத்துனர் ஒருவர் எழுநூற்றைம்பது கொண்டுவந்து கொடுத்தார். டொக்டர் முள்ளை எடுத்துவிட்டார், ஆனால் உள்ளே பழுத்துவிட்டது. காலை மாலை ஊசி போட வேண்டியிருந்தது.

நாலாம் நாள் பின்னேரம் நான் வார்டுக்குப் போய் அக்காவிடம் பில்லைக் கொடுத்தேன்.

"இது என்ன தங்கச்சி?"

"இதுவரைக்கும் உள்ள கணக்கு அக்கா. அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ."

"ஓம்" என்று வாங்கிக்கொண்டார். என் கையில் இன்னும் ஐந்து பில்கள் இருந்தன. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது அக்காவின் கணவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணையில் என்னுடைய பில் நாலாக மடித்துக் கிடந்தது. எடுத்து விரித்தேன். உள்ளே ஒரு சோடி தோடு இருந்தது.

இரண்டு பேரும் விடிய ஐந்தரைப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். ஒன்றும் விளங்காமல் நின்ற எனக்கு, பக்கத்துக் கட்டிலில் தொய்வு என்கிற மூச்சிழுப்புக்காக இருந்த பெரியவர்தான் நடந்ததைச் சொன்னார். அவர் இளைப்பாறிய பள்ளிக்கூட வாத்தியார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்.

"எவ்வளவு எண்டு வாசிச்சுச் சொல்லச் சொல்லி அந்தப் பிள்ளை என்னட்டை வந்தது. நான் கீழை இரட்டைக் கோட்டுக்கு மேலை இருந்ததை வாசிச்சனான். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. பக்கத்திலை இன்னொண்டு இருந்தது, அதையும் வாசிச்சனான். ஆயிரத்து இருநூற்றைம்பது. ரெண்டுமோ எண்டு கேட்டவ. ரெண்டும் எழுதியிருக்கு எண்டனான். மூலையிலை சின்ன எழுத்திலை இருந்தது என்ரை கண்ணுக்குப் படேல்லை. பிறகு அவ கட்டிலடிக்குத் திரும்பிப் போட்டா."

ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு என்பது நாலு நாள் செலவு. ஆயிரத்து இருநூற்றைம்பது என்பது அவர்கள் ஏற்கெனவே கட்டிய காசு. அக்கா இரண்டையும் கூட்டி, இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது தரவேண்டும் என்று நினைத்துவிட்டார். உண்மையில் அக்கா தரவேண்டியிருந்தது நூற்றி நாற்பது ரூபாய். அதை நான் வலப்பக்க மூலையில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். கம்பனியில் அந்த இடம் அப்படித்தான் இருந்தது.

டொக்டர் வந்து வெறும் கட்டிலைப் பார்த்தார். "உள்ளுக்கை இன்னும் சீழ் இருக்கு. ஊசியை நிப்பாட்டினா மேலை ஏறும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். அன்ரி தோட்டை ஒரு உறையில் போட்டு அலுமாரியில் பூட்டினார்.

"அவை தேடி வருவினம். வந்தாக் குடுப்பம்."

"அவை வரமாட்டினம் அன்ரி. தோட்டைத் தந்திட்டுப் போயிருக்கினம். கடன் தீர்ந்தது எண்டு இருப்பினம்."

"அதுக்கு நீர் இப்ப என்ன செய்யப்போறீர்?"

நான் போகப்போகிறேன் என்றேன். அன்ரி முதலில் சிரித்தார். பிறகு நான் கதிரையில் இருக்காமல் நிற்பதைக் கண்டு அலுமாரியைத் திறந்தார்.

போக நினைத்த அன்றே போகக் கிடைக்கவில்லை. அது தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். நெடுந்தீவுக்குப் படகு புறப்படுகிற குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில் போய்த் துறையில் இறங்கினால், லோஞ்சு கட்டியபடியே ஆடிக்கொண்டு நின்றது. கடல் நுரைத்தது. விடிய ஒரு தரம் போய் வந்ததோடு சரி, இனி இன்றைக்கு ஓடாது என்றார்கள். மத்தியானம் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாளும் அதே கதை. துறையின் கல்லில் இருப்பேன், எழும்புவேன், லோஞ்சுக்காரரிடம் போய்க் கேட்பேன், அவர் கையை விரிப்பார். நான் கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் காலில் விஷம் ஒரு விரற்கடை ஏறுகிறது என்றே எனக்குத் தோன்றியது. பையில் பில்லையும் வைத்திருந்தேன். எடுத்து எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அச்சுப்போல அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் லோஞ்சு ஓடியது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நனைந்துபோய் இறங்கினேன். திருக்கை முள் குத்தின ஆளின் வீடு என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கல்வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையால் போகச் சொன்னார்கள். அக்கா முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். காதில் ஒன்றும் இல்லை.

"தோடு பில்லுக்குக் காணாதெண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

 பையைத் திறந்து உறையை எடுத்து நீட்டினேன்.

"இதைத் தர வந்தனான் அக்கா. நீங்கள் பிழையா விளங்கியிட்டியள். நூற்றி நாற்பது ரூபாய்தான் தரவேண்டியிருந்தது."

அவர் உறையை வாங்கவில்லை. கைகளைச் சீலையில் துடைத்தபடி என்னையே பார்த்தார்.

"நூற்றி நாற்பதோ?"

"ஓம்."

"என்னட்டை அண்டைக்கு இருநூறு ரூபாய் இருந்தது. தலைப்பிலை முடிஞ்சு வச்சிருந்தனான்." குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப ஏன் அதை எழுதேல்லை?"

"எழுதியிருக்கு அக்கா."

"எங்கை?"

பில்லை விரித்து மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அக்கா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் வாசிப்பார், இலக்கம் நன்றாகத் தெரியும். சந்தையில் ஒரு சதம் விடாமல் மனக்கணக்கில் மீன் விற்கிறவர்.

"உது ஒரு மூலைக்குள்ளை ஒளிச்சுக் கிடக்கு" என்றார். "நான் எவ்வளவு தந்தனான், இன்னும் எவ்வளவு தரவேணும். எனக்கு அவ்வளவும் தெரிஞ்சாக் காணும். இவ்வளவு பெரிய கடதாசியிலை அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு இடம் கிடைக்கேல்லையே?"

நான் பில்லை மடித்துப் பைக்குள் வைத்தேன். 

உள்ளே அக்காவின் கணவர் சாய்மனைக் கதிரையில் காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டியபடி கிடந்தார். ஏதோ பச்சிலை வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசலிலேயே மணம் அடித்தது. கால்விரல்கள் இரண்டு கறுத்திருந்தன. காய்ச்சலில் கண் சிவந்திருந்தாலும் நாங்கள் வெளியே கதைத்தது எல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது.

"நான் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வாறன் தங்கச்சி" என்றார். "ஆனா இனிமேல் ஒரு கடதாசியும் அவளிட்டைக் குடுக்கக்கூடாது. அண்டைக்கு இரவு முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடேல்லை. ஏன் எண்டு கேட்டாலும் சொல்லேல்லை."

லோஞ்சு திரும்புவதற்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. அயலில் இரண்டு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தார்கள். லோஞ்சு ஏறும்போதுதான் அக்கா உறையை என்னிடமிருந்து வாங்கி, தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். குறிகட்டுவானில் ஒரு வான் வண்டி பிடித்து, இருட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

டொக்டர் அந்த இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது. முதல்முறை வந்தபோது தொடர்ந்து இருந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்று டொக்டர் அக்காவுக்குச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு என்னால் அந்தப் படிவத்தில் எழுத ஏலாமல் போய்விட்டது. அலுமாரியில் இருநூறு தாளுக்கு மேல் மிச்சம் கிடந்தது. அன்ரி, "அது முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். நான் கேட்கவில்லை. வெள்ளைத் தாளில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினேன்.

தமிழில் எழுதினால் போதும் என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு தமிழ்ப் பில் தயார். பற்று, வரவு, முற்பணம், நிலுவை என்று எல்லாம் நல்ல தமிழ். அக்கா கணவனுக்குக் காவலாக வார்டில் இருந்ததால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கணவன் முறைத்தார். அக்கா வாங்கி ஆறுதலாக வாசித்தார்.

"நிலுவை எண்டா என்ன?"

"பாக்கி."

"அப்ப பாக்கி எண்டு எழுதவேண்டியதுதானே." பிறகு, "பற்று எண்டா என்ன? நான் வாங்கினதோ, நீங்கள் வாங்கினதோ?"

அதற்கு நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. தாளைக் கிழித்தேன்.

அடுத்ததாக, எல்லோரும் பேசுகிற சொல்லாகப் போடுவோம் என்று, கடைசி வரியில் "மிச்சம்" என்று எழுதினேன். அக்காவிடம் மட்டும் காட்டினால் போதாது என்று பட்டது. காரைநகருக்குப் பயணிகளை ஏற்றி இறக்குகிற துறை எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து ஐந்து நிமிட நடை. அங்கே எப்போதும் முப்பது நாற்பது பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். பொய்ப் பெயரும் பொய்க் கணக்கும் எழுதிய நாலு தாளை எடுத்துக்கொண்டு போனேன். சைக்கிளோடு நின்ற ஒரு அண்ணையிடம் ஒன்றை நீட்டினேன்.

"அண்ணை, இது உங்கட பில் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் இப்ப என்ன செய்வியள்?"

அவர் மேலும் கீழும் பார்த்தார். "நூற்றி நாற்பது ரூபாய் மிச்சம். அதை வாங்கிக்கொண்டு வீட்டை போவன்."

எங்கள் ஊரில் கடையில் தருகிற மிச்சக் காசும் மிச்சம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிதான் தங்களுக்குத் தரவேண்டும் என்றார்கள். ஒருவர், "நல்ல ஆஸ்பத்திரி" என்றார்.

அந்த இரண்டு கிழமையும் நான் தினமும் துறைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போவேன். ஒரு தாளைத் திருத்துவேன், காட்டுவேன், திரும்பி வந்து மறுபடி எழுதுவேன். வேலை முடிந்து சின்னம்மா வீட்டுக்கு வந்தாலும் கை நிற்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே மேசையில் விரலால் பெட்டி கீறுவேன். துறையில் சிலர் என்னைக் கண்டு விலகினார்கள். ஏதோ இயக்கத்துக்குக் கணக்கெடுப்பதாக ஒரு கதையும் கிளம்பியது. கடற்படைக்குக் கணக்கெடுப்பதாக இன்னொரு கதை. சின்னம்மா பயந்தார். நான் நிறுத்தவில்லை.

மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாவிடம்தான் கடைசி விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் இலக்கம் எல்லாம் தெரியும். தாளைப் பார்த்து, அதில் ஆகப் பெரிய இலக்கத்தில் கை வைத்தார். வேறு யாரும் உதவிக்கு இல்லை என்றால் பெரிய தொகையைத்தான் கட்டவேண்டும் என்று நினைப்பேன் என்றார். "குறைச்சதை நினைச்சுப்போட்டுப் பேச்சு வாங்க ஏலாது, பிள்ளை" என்றார்.

அன்று பின்னேரம் வந்து, தாளின் தலையில் ஒரு பெட்டி கீறினேன். அதற்குள் "நீங்கள் இன்னும் தரவேண்டியது" என்று எழுதி, ஒரேயொரு இலக்கம். கண் வேறு தொகைக்குப் போகாதபடி, எழுத்தில் தாளிலேயே ஆகப் பெரிதாக. அதற்குக் கீழே "நீங்கள் தந்தது", எந்த நாளில் எவ்வளவு என்று. அதற்கும் கீழே செலவு. ஊசி இத்தனை, ஒன்று இவ்வளவு. கட்டில் இத்தனை நாள். காயம் கழுவிக் கட்டியது இத்தனை தரம். முந்திய பில்லில் இருந்து கொண்டுவந்த தொகை என்று ஒரு வரியும் இல்லை. முதல் நாளில் இருந்து எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எழுதுவது. எனக்கு வேலை இரண்டு மடங்கு. பரவாயில்லை.

அக்கா அதை வாங்கிப் பார்த்ததும் வாய்விட்டு வாசிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், சீலைத் தலைப்பை அவிழ்த்தார். அது அவருடைய உண்மையான பில். முந்நூற்றுப் பத்து ரூபாய். எண்ணித் தந்துவிட்டு, "இது சரி" என்றார்.

ஆனால் அன்ரியோடு எனக்குச் சண்டை வந்தது அதற்குப் பிறகுதான். தாளின் அடியில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். காசு இல்லாவிட்டால் சொல்லுங்கள், மருந்து நிற்காது. அன்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உந்த வரியை அச்சடிச்சுக் குடுத்தா ஒருத்தரும் காசு கட்டமாட்டினம்."

"கட்டாமல் ஓடினவை இல்லை அன்ரி. அவ தோட்டை வச்சிட்டுப் போனவ."

"ஒருத்தியை வச்சுக் கதைக்கிறீர். நான் மருந்துக்கு யாழ்ப்பாணத்திலை கைக்காசு குடுத்து வாங்கிறனான். விலை ஒவ்வொரு கிழமையும் ஏறுது. இந்த ஆஸ்பத்திரியைப் பூட்டினா, அவையள் பிறகு எங்கை போவினம்? அதையும் யோசியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. இரண்டு நாள் நாங்கள் தேவைக்கு மட்டும் கதைத்தோம். பிறகு அன்ரி தானாகவே ஒரு வரி எழுதித் தந்தார்: காசு பற்றிக் கதைக்க விரும்பினால் கந்தோருக்கு வாருங்கள். நான் அதைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"பயப்பிடுவினம். கந்தோருக்கு வா எண்டா, வாத்தியார் அடிக்கக் கூப்பிட்ட மாதிரி. மருந்து நிற்காது எண்டு மட்டும் எழுதுங்கோ. மற்றது தேவையில்லை."

இதை அன்ரியிடம் சொல்லும்போது டொக்டரும் கந்தோரில் நின்றார். கை கழுவிக்கொண்டே, "நான் எப்பவாவது காசுக்காக மருந்தை நிப்பாட்டினனானே?" என்று மனைவியைக் கேட்டார். இல்லை என்றார் அன்ரி. "அப்ப எழுதினாப் பொய்யில்லையே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்ரி பேனாவை எடுத்தார். தான் எழுதிய வரிக்குப் பின்னால் "மருந்து நிற்காது" என்ற இரண்டு சொல்லையும் தன் கையாலேயே சேர்த்து எழுதினார்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்த தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை இரவல் வாங்கி, ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ நகல் இயந்திரத்தில் அடித்தோம். பெட்டியை மட்டும் ஒவ்வொரு தாளிலும் அடிமட்டக் கோல் வைத்து நான் கையால் கீறினேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் அது சரியாகாது. விளங்குகிற பில்லைச் சனம் வாசிக்கத் தொடங்கியது. வாசித்ததும் கேள்வி கேட்டது. முன்பு தலையை ஆட்டிவிட்டுப் போனவர்கள், இப்போது கந்தோர் வாசலில் வந்து நின்றார்கள். காயம் கழுவ ஏன் இவ்வளவு, நேற்று டொக்டர் வராத நாளுக்கு ஏன் கட்டிலுக்குக் காசு. வேலணையில் இருந்து வந்த ஒரு தகப்பன், மகளுக்கு ஆறு ஊசி போட்டதாக எழுதியிருக்கிறது, தான் பக்கத்திலேயே இருந்து எண்ணியது ஐந்துதான் என்றார். குறிப்பேட்டைப் பார்த்தேன். ஐந்துதான். பிழை என்னுடையது. திருத்திக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று அன்ரி, "பாத்தீரே, பழைய பில்லிலை இதொண்டும் வராது" என்றார்.

"ஓம் அன்ரி. பழைய பில்லிலை அந்தப் பிழை பிடிபட்டிராது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அந்தக் கிழமையில் இருந்து ஊசிக் கணக்கை அவரும் ஒருமுறை சரி பார்க்கத் தொடங்கினார். பழைய பில்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு தாள் பார்த்ததும் மூடிவைத்துவிட்டேன். அவற்றிலும் பிழைகள் இருந்தன. ஒருவரும் வந்து கேட்டிருக்கவில்லை. இரண்டு பேருக்கு ஆள் தேடிக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் மடத்துவெளிக் கிராமத்தில் இருந்தார். பிழைக் கணக்குக்குக் காசு கட்டிய மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

நெடுந்தீவு அண்ணைக்குக் கால் ஆறியது. தண்ணீரில் நெடுநேரம் நின்று வலை இழுக்க அவருக்கு இனி ஏலாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிறகு மைத்துனரின் வள்ளத்தில் சுக்கான் பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்கா இரண்டு தரம் ஊர்காவற்றுறைக்கு வந்தபோது ஆஸ்பத்திரிப் படியேறி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். சினேகிதம் என்று சொல்ல முடியாது. அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் கருவாடு தந்தார், நான் வாங்கினேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி ஆடி மாதங்களில் சண்டை திரும்பவும் தொடங்கியது. தீவுப் பகுதிக்கு ஆமி வரப்போகிறது என்று சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கடைசியாக ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் அன்று மத்தியானத்துக்குள் போயாக வேண்டும் என்று டொக்டர் முடிவெடுத்தார். உறவினர்கள் சைக்கிள்களோடும் ஒரு லொறியோடும் வெளியே நின்றார்கள். நான் வழமைபோல ஏழு தாள்களை எடுத்துப் பில் எழுத இருந்தேன்.  வெளியே யாரோ கெதியா கெதியா வெளிக்கிடுங்கோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்ரி வந்து மேசைக்கு அடுத்த பக்கம் நின்றார்.

"காசை விடும்" என்றார். "அந்தப் பெட்டிக்குள்ளை அவை இனி என்ன செய்யவேணும் எண்டு எழுதும். என்ன மருந்துக் குளிசை, எத்தினை தரம், எப்ப தையல் வெட்டவேணும். போற இடத்திலை ஆர் பாக்கினமோ தெரியாது. பாக்கிறவைக்கு விளங்கவேணும்."

டொக்டர் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று எழுதினேன். ஒரு தாளில் "நீங்கள் இன்னும் தரவேண்டியது" என்ற வரியை வெட்ட மறந்துவிட்டேன். அதற்குக் கீழே, நாளுக்கு மூன்று தரம் குளிசை என்று எழுதியிருந்தது. லொறி வெளிக்கிட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. வாசல்வரை ஓடினேன். தூசிதான் தெரிந்தது.

அது வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த ஒரு பெண்ணின் தாள். அவர் அதைக் கடன் என்று பிழையாக விளங்கியிருக்கமாட்டார் என்று அன்ரி சொன்னார். யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழி முழுவதும் நான் அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். அவர் எந்த அகதி முகாமுக்குப் போனார் என்று பிறகு நாலைந்து இடங்களில் விசாரித்தேன். எனக்குத் தெரியவரவில்லை.